பலா மரத்தில் என் இடது செருப்பு

வெளிநாட்டுக்குப் போகிறவனிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் சாமான்களுக்கு ஒரு வரைமுறை இருக்கிறது. அப்பளம், வடகம், மாவடு, மிஞ்சிப்போனால் ஒரு இட்லிப் பாத்திரம். சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா செல்வி போன் செய்து கேட்டது ஒரு பழைய செருப்பு. ஜோடி வேண்டாம், ஒன்று போதும் என்றாள்.

"தோல் செருப்பா இருக்கணும்டா. குதிகால் தேஞ்சிருக்கணும். புதுசை வாங்கிக் கல்லுல தேச்சுக் கொண்டாந்து ஏமாத்தாத."

"அந்த ஊர்ல செருப்பே கிடைக்காதா?"

"இங்க யாரு தேயுற வரைக்கும் போடுறா? வார் லூசானாலே தூக்கிப் போட்டுடுறாங்க."

செருப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. காய்த்த மரத்தில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுவதற்கு எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. போகிறவன் வருகிறவன் கண் முதலில் செருப்பின் மேல் விழும். 'சீ, என்ன இது' என்று அவன் முகம் சுளிக்கிற நேரத்தில் காய் தப்பித்துவிடும். லாரிக்குப் பின்னால் செருப்பு தொங்குவதும் அதற்காகத்தான். அக்கா தன் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் ஒரு பலா மரம் வளர்க்கிறாள். அதில் பிஞ்சு நிற்காமல் உதிர்கிறது என்று போனில் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வா, வா" என்று பல வருஷமாக வாயளவில் கூப்பிட்டவள், இந்தத் தடவை டிக்கெட்டையே எடுத்து அனுப்பிவிட்டாள். எனக்காக எடுத்தாளா, செருப்புக்காக எடுத்தாளா என்று நான் தோண்டவில்லை.

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிற வேலை. எனக்கு இடது காலில் சாய்ந்து நிற்கிற பழக்கம், அதனால் என் இடது செருப்பின் குதிகால் அப்பளம்போல் ஆகியிருந்தது. அதைப் பெட்டிக்குள் வைத்தபோது என் மனைவிக்கு வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. வலது செருப்பையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். ஒன்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்றேன். காலுக்கு, வெளிநாடு போகிறோமே என்று புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது விமான நிலையத்துக்குப் போவதற்குள்ளேயே கடிக்க ஆரம்பித்துவிட்டது.

புதன்கிழமை காலை சாங்கி விமான நிலையத்தில், முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வடகத்தை விட்டுவிட்டார். செருப்பைக் கையுறை போட்ட விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னொன்று எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வீட்டில் இருக்கிறது."

"அப்படியானால் இது?"

"என் அக்காவுக்கு."

உன் அக்காவுக்கு ஒரு கால்தானா என்று கேட்க வந்து, மரியாதைக்காக விழுங்கியது அவர் முகத்தில் தெரிந்தது. செருப்பை மிகவும் மென்மையாகத் திரும்ப வைத்து, பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார். நம் நாட்டு விமான நிலையத்தில் எனக்கு அவ்வளவு கனிவு கிடைத்ததில்லை.

அக்கா வீடு சுவா சூ காங்கில். அத்தான் தஞ்சோங் பகாரில் பிறந்தவர், அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தோட்டக் குழுவுக்குச் செயலாளர். நான் செருப்பை வெளியே எடுத்ததும் அவர் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார்.

"மச்சான், பலாவில கறுத்து விழுறது ஆண் பூ. அது விழத்தான் செய்யும். பிள்ளைங்களுக்கு நான் இத்தனை வருஷம் பாடம் எடுத்தது இதுதான். அந்த மரத்துல செருப்பைக் கட்டினா கமிட்டியில என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

"உங்க மூஞ்சிய யாரும் மரத்துல கட்டல" என்றாள் அக்கா.

பிறகுதான் விஷயத்தின் கனம் எனக்குப் புரிந்தது. மரத்தின் நிழல் பக்கத்துப் பாத்திகளில் விழுகிறது. மிஸ்டர் லிம் என்கிற சீனப் பெரியவரின் கங்குங் கீரைக்கு வெயிலே இல்லை. காய்க்காத மரம் எதற்கு, வெட்டிவிடலாம் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டு முடிவு செய்யப்போகிறார்கள். மரத்தில் இப்போது ஒரே ஒரு காய் இருக்கிறது, தேங்காய் அளவில். அது நின்றால் மரம் நிற்கும்.

"லிம் கெட்டவரு இல்லடா. ஆனா அவர் கண்ணு இருக்கே! தினமும் காலையில மரத்துக்கிட்ட வந்து 'அடேயப்பா, இவ்ளோ பெருசாயிடுச்சே'ன்னு சொல்லுவாரு. மறுநாள் அது கீழ கிடக்கும்."

லிட்டில் இந்தியாவின் டெக்கா மார்க்கெட்டில் வாங்கிய பழத்தின் கொட்டையை அவள் சும்மா ஊன்றியதுதான் மரமானது. இரண்டு பையன்களும் மெல்போர்ன், டொரொண்டோ என்று போய்விட்டார்கள். காலையில் எழுந்ததும் லிஃப்டில் இறங்கி மரத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் காப்பி போடுவாள்.

"அதை வெட்டிட்டா நான் எதுக்கு கீழ இறங்கணும்?" என்று கேட்டாள். அத்தானுடைய செய்தித்தாள் ஒரு அங்குலம் இறங்கி மறுபடி ஏறியது.

வியாழக்கிழமை விடிந்ததும் நானும் அக்காவும் போய்க் கட்டினோம். காய்க்கு மேலே ஒரு முழம் தள்ளி, பார்க்கிறவன் கண்ணுக்கு முதலில் படுகிற இடம். என் செருப்பு அவ்வளவு கம்பீரமாக நான் பார்த்ததே இல்லை. அத்தான் மேலே ஜன்னலில் நின்று, எங்களுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாததுபோல் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் திருப்தியோடு லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினேன். எல்.ஆர்.டி. என்று ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. டிரைவர் கிடையாது. நான் எதிர்த்திசையில் ஏறி, வட்டமாக ஒரு சுற்று சுற்றி, ஏறிய இடத்துக்கே வந்து இறங்கினேன். வழியில் ஒரு கட்டடத்தின் பக்கத்தில் வளையும்போது, ஜன்னல் கண்ணாடி தானாகவே வெளுத்து மங்கிப்போனது. ரிப்பேர் என்று நினைத்து எழுந்து நின்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கட்டடத்தைத் தாண்டியதும் கண்ணாடி தெளிந்துவிட்டது. அத்தானுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வீட்டுக்குள்ள இருக்கிறவங்களை வண்டியில போறவங்க பாக்கக் கூடாதுல்ல, அதுக்காக" என்றார். ரயிலையே கண்ணை மூடிக்கொண்டு போக வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில்தான் கண்திருஷ்டி இல்லை என்கிறார் மனுஷன்.

டெக்காவில் பரோட்டாவைப் புராட்டா என்கிறார்கள். தொட்டுக்கொள்ள மீன் குழம்பு கொடுத்தார்கள். சர்க்கரையைத் தட்டின் ஓரத்தில் வைத்து அதில் தொட்டுச் சாப்பிடுகிறவர்களும் இருந்தார்கள். நான் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன், குழம்புக்கே என் ஓட்டு. பூக்கடை, நகைக்கடை, காய்கறிக்கடை எல்லாம் பார்த்துக்கொண்டு நடந்ததில் ஷூ இரண்டு குதிகாலையும் உரித்துவிட்டது. நொண்டிக்கொண்டே திரும்பி வந்தபோது அத்தான் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் போன், முகத்தில் ரத்தம் இல்லை.

தோட்டக் குழுவின் வாட்ஸப்பில் என் செருப்பின் படம் வந்திருந்தது. 'யாருடையது? இடது கால் மட்டும். மரத்தில் கிடைத்தது' என்று மிஸ்டர் லிம் எழுதியிருந்தார். ஒருவர் அழுகிற முகம் போட்டிருந்தார். இன்னொருவர் கேமராவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யோசனை சொல்லியிருந்தார்.

"நீங்க போய் வாங்கிடுங்க மச்சான். ஆனா எதுக்குக் கட்டினீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ப்ளீஸ் லா." கெஞ்சும்போது அவருக்கு அந்த ஊர் 'லா' தானாக வந்துவிடும்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தைத் திறந்தவெளியாக விட்டு, உட்காரக் கல்மேசைகள் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு மேசையில், விரித்த பேப்பருக்கு நடுவே என் செருப்பு இருந்தது. யாரோ துடைத்திருக்கிறார்கள். அதற்குக் காவலாக அரைக்கால் சட்டையும் பனியனுமாக மிஸ்டர் லிம் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் கோயில் வாசலில் ஜோடியாக விட்ட செருப்பே திரும்பி வராது. இங்கே மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்ட ஒற்றைச் செருப்பு, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது.

"உன்னுடையதா? மரத்துக்கு எப்படிப் போனது?" என்று அவர் கேட்டார்.

"காயப்போட்டிருந்தேன்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"இன்னொன்று?"

"ஊரில் இருக்கிறது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான் ஷூவுக்குள் குதிகாலை நுழைக்காமல் மிதித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். செருப்பைப் பேப்பரில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை இன்னும் உயரமான கிளையில் கட்டினோம். மரம் ஏறியது நான். ஐம்பது வயதுக்கு மேல் வெளிநாட்டில் மரம் ஏறுவேன் என்று ஜோசியக்காரன்கூடச் சொன்னதில்லை. மத்தியானம் அக்கா வைத்த நண்டுக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கண் அசந்தபோது வாசல் மணி அடித்தது. மிஸ்டர் லிம் நின்றார். ஒரு கையில் வளைந்த கைப்பிடி வைத்த குடை, மறு கையில் ஒரு பை. கைப்பிடியால் கிளையை வளைத்துச் செருப்பை இறக்கியிருக்கிறார் என்று புரிந்தது.

பையிலிருந்து என் செருப்பை எடுத்தார். எனக்கே அடையாளம் தெரியவில்லை. குதிகாலுக்குப் புது ரப்பர் வெட்டி ஒட்டி, வாரைத் தைத்து, பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். "சும்மா இருந்தால் என் கை அரிக்கும்" என்று சிரித்தார். அப்புறம் இன்னொன்றை எடுத்தார். ஒரு ஜோடி புதுச் செருப்பு.

"உன் கால் அளவு அந்தச் செருப்பிலிருந்து தெரிந்தது. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் நொண்டக் கூடாது லா."

போட்டுப் பார்த்தேன். பஞ்சில் கால் வைத்த மாதிரி இருந்தது. நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினால், பின்னால் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நாசமாப் போச்சு. பளபளன்னு இருக்கிறதை எவன்டா பாத்து மூஞ்சி சுளிப்பான்? இதைக் கட்டினா இதுக்கே கண்ணு பட்டுடும்."

சனிக்கிழமை முழுக்கப் பழைய செருப்பு தேடி அலைந்தோம். இந்த ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் செருப்பு அலமாரி இருக்கிறது. மாடி மாடியாக நடந்து பார்த்தோம். எல்லாம் புத்தம் புதுசு. ஒன்பதாவது மாடியில் ஓரளவு தேய்ந்த ஒன்றை நான் சற்று அதிக நேரம் பார்த்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். திருட்டுச் செருப்பைக் கட்டினால் மரம் கருகிவிடுமாம். அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவளுக்கும் அன்றுதான் தெரிந்திருக்கும்.

தஞ்சோங் பகாரில், ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே, குடை நிழலில் ஒரு செருப்புத் தைக்கிறவர் உட்காருவார் என்று அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து துப்புக் கொடுத்தார். அவருக்கும் ஆசைதான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அங்கே போய், யாரும் வாங்கிப் போகாத செருப்பு இருக்கிறதா என்று கேட்டேன். சீனக் கிழவர் பெருமையோடு ஒரு பெட்டியைத் திறந்தார். அத்தனையும் ரிப்பேர் முடிந்தவை. இவ்வளவு நன்றாக வேண்டாம், பிய்ந்தது ஒன்று வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். அத்தோடு பேச்சு முடிந்தது. பக்கத்துக் கடையில் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா டோஸ்ட்டும் கோப்பியும் சாப்பிட்டு மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் தனியாகக் கிளம்பினேன். மரத்தில் ஒன்றும் இல்லாமல் காய் வெறுமனே நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைப் பார்த்தால் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, முதுகுளத்தூர் எல்லாம் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதுபோல் இருக்கும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கிற பையன்களுக்கு அன்றுதான் விடுமுறை. ஃபேரர் பார்க் பக்கம் புல்வெளியில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு இடத்தில் கால் நின்றுவிட்டது. புல்லில் ஒரு ஜோடி தோல் செருப்பு. வார் நைந்து, குதிகால் ஒரு பக்கமாகக் கரைந்து, பெருவிரல் பட்ட இடம் குழிந்து கறுத்திருந்தது. நான் இரண்டு நாளாகக் கனவு கண்ட செருப்பு அது.

அதற்குச் சொந்தக்காரன் பக்கத்தில் படுத்திருந்தான். பெயர் பாண்டி, அறந்தாங்கிக்காரன், கப்பல் பட்டறையில் வெல்டர். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க செருப்புல ஒண்ணு வேணும்" என்றேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். "வீட்டுக்கா, மரத்துக்கா?"

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. "மரத்துக்குத்தான். பலா."

"அப்ப ரப்பர் சரிப்படாது, தோலுதான். காய் நிக்குதாண்ணே?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் இன்னைக்குச் சாயங்காலம் தாண்டணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். லிம் ஒட்டுப்போட்டுக் கொடுத்ததைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு செருப்பை எடுத்துத் தட்டிப் பார்த்தான்.

"ஊர்லேர்ந்து கிளம்புறப்ப பஸ் ஸ்டாண்டுல வாங்கினது. இது படாத பாடில்ல. எப்பேர்ப்பட்ட கண்ணையும் வாங்கிக்கும், எடுத்துக்கங்கண்ணே. நான் ரூமுக்கு எப்படிப் போறதுன்னுதான் பாக்குறேன்."

என் காலைப் பார்த்தேன். லிம் கொடுத்த செருப்பு. இரண்டு நாளாகத்தான் நான் சிங்கப்பூரை வலியில்லாமல் நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றி அவன் முன்னால் வைத்தேன். மனசே வரவில்லை, பொய் சொல்லிப் பயனில்லை. அவன் போட்டுப் பார்த்து, "ஐயோ, இது புதுசுண்ணே" என்று பின்வாங்கினான். அப்புறம் ஒருவரையொருவர் வற்புறுத்தி ஒருவழியாக மாற்றிக்கொண்டோம். கிளம்பும்போது, "காய் பழுத்தா ஒரு சுளை எனக்கு" என்றான். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தேன். என் கால் குழியும் அவன் கால் குழியும் ஒத்துப்போகவே இல்லை.

வந்ததும் வலது செருப்பைக் கட்டினேன். இடது செருப்பில் வார் பாதி வழியிலேயே அறுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கூட்டத்துக்கு மறுபடி அந்த ஷூவையே மாட்டிக்கொண்டு போனேன்.

தோட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஒரு மலாய் அம்மாள். அத்தான் குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி இருந்தார். அக்கா கடைசி நாற்காலியில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை என்று அத்தான் முன்பே சொல்லியிருந்தார். தன் ஆங்கிலத்தின் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

மிஸ்டர் லிம் எழுந்தார். நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று காட்ட மரத்தடிக்கு நடந்தார். அங்கே நின்றுவிட்டார். மேலே பார்த்தார். திரும்பி என் காலைப் பார்த்தார்.

"நான் கொடுத்தது எங்கே?"

"ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்."

"இது வலது கால். போன தடவை இடது கால். உனக்கு என்னப்பா பிரச்சினை?" கோபமே இல்லாமல் கேட்டார். என்னை எந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிற கவலைதான் குரலில் இருந்தது. கேட்டுக்கொண்டே செருப்பை அவிழ்க்கக் கையை நீட்டினார்.

"டோன்ட் டச் லா, மிஸ்டர் லிம்."

எல்லாரும் திரும்பினார்கள். அக்கா எழுந்து நின்றிருந்தாள். அத்தான் பேனாவைக் கீழே போட்டார்.

அதற்குப் பிறகு அவள் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பேசினாள். யாரும் புரியவில்லை என்று சொல்லவில்லை. "அது கண்ணுக்காகக் கட்டினது. பாக்குறவங்க கண்ணு காய் மேல படக்கூடாது, செருப்பு மேல படணும்."

"யார் கண்?" என்று கேட்டார் லிம்.

அத்தான் தரையில் எறும்பைத் தேட ஆரம்பித்தார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவள்.

"உங்க கண்ணும்தான். நீங்க தினமும் வந்து 'இவ்ளோ பெருசாயிடுச்சே'ன்னு சொல்றீங்க. மறுநாள் விழுந்துடுது."

லிம்மின் முகம் சிவந்தது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க கண்ணு பரவாயில்ல. என் கண்ணுதான் எல்லாத்தையும்விட மோசம். காலையில எழுந்தா இதைத்தான் பாக்குறேன். பிள்ளைங்க ரெண்டும் போனப்புறம் நான் பாக்குறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இவ்ளோ ஆசையாப் பாத்தா எது நிக்கும்? என் கண்ணுகிட்டேர்ந்து காப்பாத்தத்தான் முதல்ல கட்டச் சொன்னேன்."

செருப்பு கேட்டவளைக் கேலி பண்ணிக்கொண்டே நான் வந்து சேர்ந்திருந்தேன். இதை அவள் என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

தலைமை அம்மாள் அத்தானைப் பார்த்து, "நீங்கள் சயின்ஸ் டீச்சர். நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டார். அத்தான் எழுந்தார். ஆண் பூவைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நம்ம எல்.ஆர்.டி. வீட்டுக்கிட்ட வந்தா கண்ணாடியை மூடிக்குது. யாரும் அதைத் தப்புன்னு சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவியைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் பார்த்தாள்.

லிம் மரத்தடியில் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தார். "நான் வியாழக்கிழமையிலிருந்து காயைப் பார்க்கவே இல்லை" என்றார் மெதுவாக. "வந்தால் செருப்பு இருக்கும். அதை இறக்குவேன். துடைப்பேன். ஒட்டுவேன். நேற்று செருப்பு ஏன் இல்லை என்று தேடினேன். காய் நினைவுக்கே வரவில்லை." காய் பக்கம் திரும்பப் போனவர், பாதியில் கழுத்தை நிறுத்திக்கொண்டார். "செயலாளரே, நீ பார்த்துச் சொல். காய் இருக்கிறதா?"

அத்தான் போய்ப் பார்த்தார். "இருக்கு. நல்லா பெருத்..." என்று ஆரம்பித்துச் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, "இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"அப்படியானால் வேலை செய்கிறது" என்றார் லிம். "என் வீட்டு வாசலுக்கு மேலே கண்ணாடி மாட்டியிருக்கிறேன், கெட்டது உள்ளே வராமல் இருக்க. அது எதற்கு என்று இந்தக் கட்டடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. செருப்பு கட்டி இன்னும் ஒரு ராத்திரிகூட ஆகவில்லை. கொஞ்சம் டைம் கொடுக்க வேண்டும் லா."

"உங்க கீரை?" என்று கேட்டாள் அக்கா.

"அதுதான் பிரச்சினை."

"என் பாத்தி அந்தக் கடைசியில இருக்கு. நாள் முழுக்க வெயில். எடுத்துக்கங்க. நான் இங்க நிழல்ல இஞ்சி போட்டுக்கிறேன்."

இதைப் பதினைந்து நாள் முன்னால் யாராவது பேசியிருந்தால் எனக்கு டிக்கெட் வந்திருக்காது. வாக்கெடுப்பு பழம் பழுக்கும் வரை தள்ளி வைக்கப்பட்டது. செயலாளர் அதை எழுதிக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மிஸ்டர் லிம் தண்ணீர் வாளியோடு புதுப் பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தார். மரத்தைத் தாண்டும்போது முகத்தை முழுக்க எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனார். வழியில் இருந்த சைக்கிளில் இடித்துக்கொண்டார். அப்போதும் திரும்பவில்லை.

அவர் ரிப்பேர் செய்த செருப்பை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் என் மனைவி வலது செருப்பைத் தூக்கி எறிந்திருந்தாள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

போன வாரம் அக்கா வீடியோவில் வந்தாள். கீழ்த்தளத்துக் கல்மேசையில் பேப்பர் விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் தூக்க முடியாத பழம். அத்தான் போனைப் பிடித்திருந்தார். பாண்டியும் வந்திருந்தான், லிம் கொடுத்த செருப்போடு. கொஞ்சம் தள்ளி ஒருவர் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி நின்றிருந்தார். பின்னந்தலையை வைத்தே மிஸ்டர் லிம் என்று கண்டுபிடித்தேன்.

"செல்வி, இப்போது பார்க்கலாமா?" என்று திரும்பாமலே கேட்டார்.

அக்கா முதல் சுளையை எடுத்தாள். கொட்டையை நீக்கினாள். நடந்து போய், பின்னால் கட்டியிருந்த அவர் கையில் அதை வைத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பாருங்க."